சாக்குக் கழிவு

தராசு கேட்டு வந்தபோது மணி ரெண்டே கால்.
ஐப்பசித் தூறல். பெருந்துறை பைபாஸில்
இந்திய அரசு என்றெழுதிய வண்டி
விளக்கை அணைக்காமல் நின்றது.
"மண்டித் தராசு கெடைக்குங்களா?"
வந்த நாலு பேரில் தமிழ் அவர் ஒருவருக்குத்தான்.
மின்தராசு. போன மாதம்தான் முத்திரை போட்டது.
பத்து கிராம் பிசகாது.
அந்தப் பெருமையில் நானே தூக்கிக்கொண்டு போனேன்.

லாரிச் சக்கரத்தோரம் குத்தவைத்திருந்தான் கிளீனர் பையன்.
பர்கூர் மலைப் பேச்சு.
பெயர் மாதப்பன். அப்பன் பெயர் புட்டமாதன்.
எழுதுகிறவர் ரெண்டு தடவை திரும்பக் கேட்டார்.
வயசுக்கு மட்டும் கொஞ்சம் யோசித்தான்.

சாக்கு ஏறியது.
சணல் சாக்கு, நீலக்கோடு போட்டது,
எங்கள் மஞ்சள் சாக்கேதான்.
மழை குடித்துக் கறுத்திருந்தது.
சிவப்பு எண்கள் ஓடி ஓடி நின்றன:
இருபது கிலோ நானூற்றைம்பது.

என் வாய் தானாகத் திறந்தது.
பதினெட்டு வருசப் பழக்கம்.
எந்த மூட்டை ஏறினாலும் அடுத்த மூச்சில் வருவது:
"சாக்குக் கழிவு எழுநூறுங்க,
ஈரச் சாக்குன்னா ஒரு கிலோ."
திறந்த வாய்க்குள் தூறல் விழுந்தது.
மூடிக்கொண்டேன்.

மகஜரில் மூன்று கையெழுத்து. அதில் ஒன்று
வெறுந்தாளில்.
டீ வாங்கித் தந்தார்கள். பையனுக்கும்.
விலங்கோடு குடித்துவிட்டு
கிளாஸை வைக்க இடம் தேடி
தராசுத் தட்டில் வைத்தான்.
நூற்றிருபது கிராம் என்று காட்டியது.

இருபது என்றால் என்னவென்று
சத்தியமாய் அப்போது தெரியாது.
எங்கள் மூட்டை அறுபத்தைந்து.
தை மாதம் விரலி விற்க வந்த வக்கீல் குமாஸ்தா
பேச்சோடு பேச்சாகச் சொன்னார்:
"இருவது தாண்டுனா வணிக அளவுங்க.
பத்து வருசத்துக்குக் கொறையாது, ஜாமீனும் குதிரைக் கொம்பு.
தாண்டாட்டி அது வேற கதை.
அந்த நானூத்தி அம்பதுதான் பையனெத் திங்குது."

ஒன்றரை வருசம் கழித்து சம்மன்.
கோயமுத்தூர், தனி நீதிமன்றம்.
வெளிப் பெஞ்சில் அவன் அக்கா,
மூணு பஸ் மாறி வந்தவள்,
நான் யாரென்று தெரியாமல்
"மணி எவ்வளவுங்கண்ணா?" என்றாள்.
சொன்னேன்.

தராசு உங்களுடையதா? ஆமாங்க.
முத்திரை இருந்ததா? ஆமாங்க.
இருபது கிலோ நானூற்றைம்பது காட்டியதா?
ஆமாங்க.
ஒரு சொல்கூடப் பொய்யில்லை.
பையனின் வக்கீல் புதுசு, கவுனில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை,
குறுக்கு விசாரணையில் அவர் கேட்டதெல்லாம்
அன்றைக்கு நிலா இருந்ததா என்று.

சாக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
கேட்காததைச் சொல்லலாமா என்று நீதிபதியைப் பார்த்தேன்.
எழுதிக்கொண்டிருந்தார்.
"வேற ஏதாச்சும் சொல்லணுமா?"
அப்படிக் கேட்டாரா,
கேட்டதாக நான்தான் பிற்பாடு சேர்த்துக்கொண்டேனா?
படுத்தால் ரெண்டும் ஒரே எடை.

என்னிடமும் சாக்குகள் உண்டு.
படிப்பு ஏழாவது.
மண்டி லைசென்ஸ் வருசா வருசம் புதுப்பிக்கணும்.
கஞ்சா கஞ்சாதானே,
அதை இழுத்து இழுத்துத்தானே
தங்கச்சி மகன் செந்தூரன் இப்படி
சாப்பிட்ட தட்டையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.
ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்துவிட்டேன்.
ஒரு சாக்கும் எழுநூறு கிராம் தேறவில்லை.

தீர்ப்பு செவ்வாய்க்கிழமை என்கிறார்கள்.

இன்றைக்கு கோபியிலிருந்து நாற்பது மூட்டை.
நாலாவது ஏறி எண்கள் நின்றன.
கணக்கு எழுதுகிற பழனியாத்தாள்
பேனாவைத் தூக்கிக்கொண்டு பார்க்கிறாள்:
"ஏனுங்க, கழிவு?"